எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலி: ஊசி வழியாகச் சுட்டுவிட்டு சிமெண்ட் வைக்கலாம் என்கிறார்கள், செய்யலாமா?

#1 பொருநைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து சில வருடங்கள் நன்றாகவே இருந்தார். இப்போது எலும்புக்குப் பரவியிருக்கிறது. வலது இடுப்பெலும்பில், தொடை எலும்பின் தலை வந்து பொருந்தும் குழிக்குச் சற்று மேலே அரித்திருப்பதாக பெட் ஸ்கேனில் தெரிந்தது. முதுகெலும்பிலும் ஒன்றிரண்டு இடங்களில் சின்னதாக இருக்கிறதாம். அவை வலிக்கவில்லை.

இடுப்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில மாதம் நிம்மதியாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. படுத்திருந்தால் பரவாயில்லை. எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகிறது. மார்ஃபினைக் கூட்டினால் நாள் முழுக்கத் தூங்குகிறார். பாத்ரூம் போகும்போது மட்டும் வலி அப்படியேதான் இருக்கிறது.

சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு, கட்டியைச் சுட்டு, அந்த இடத்தில் சிமெண்ட் நிரப்பலாம் என்று டாக்டர் சொல்கிறார். பெரிய மாமா ஒரே பிடியாக நிற்கிறார்: "கட்டியில் ஊசி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும், தொடாதே." அப்பா யார் பக்கம் என்றே தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகப் பிராணி

எவ்வளவு ஆகும் என்று சொன்னார்களா? காப்பீட்டில் வருமா? "கத்தி இல்லை, தையல் இல்லை, மறுநாளே வீடு" என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் பில்தான் ஞாபகத்துக்கு வரும். விவரம் தெரிந்த டாக்டர் யாராவது வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி.

#3 சி.டி. அறை

நான் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர். ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதோடு நிற்காமல், ஸ்கேனின் துணையோடு ஊசி வழியாகச் சிகிச்சை செய்யும் பிரிவு. அம்மாவின் படங்களைப் பார்க்காமல் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி விடை இருக்கிறது: படுத்தால் பரவாயில்லை, ஊன்றினால் வலி.

எலும்பில் பரவிய புற்றுநோய் இரண்டு விதமாக வலிக்கும். புற்றணுக்கள் தாமாக எலும்பைத் தின்பதில்லை. எலும்பைக் கரைக்கவென்றே உடம்பில் இருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அவை அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கும். அந்த அமிலமும், கட்டி வெளிவிடும் ரசாயனங்களும் நரம்பு நுனிகளைக் கிளறிவிடும். எலும்பின் மேலுறையில் இந்த நுனிகள் ஏராளம். இந்த வலி படுத்தாலும் இருக்கும், ராத்திரியில் கூடும். மற்றது, எலும்பு பலமிழந்து பாரம் ஏறும்போதெல்லாம் உள்ளே நுண்விரிசல்கள் அசைவதால் வருவது. முதல் வகைக்கு மாத்திரை, கதிர், சுடுவது, உறையவைப்பது எல்லாம் கேட்கும். இரண்டாவதற்கு எலும்புக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். சிமெண்ட், அதாவது உள்ளே போய் இறுகும் அக்ரிலிக் கலவை, அதற்குத்தான். அம்மாவுக்கு இரண்டும் கலந்து, இரண்டாவது தூக்கலாக இருப்பதுபோல் தெரிகிறது. மார்ஃபினைக் கூட்டியும் ஊன்றும்போது வலிப்பதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி முறைகள். சுடுவது என்று சொன்னது பெரும்பாலும் ஆர்.எஃப்.ஏ. ஊசி நுனியைச் சுற்றி ரேடியோ அலைவரிசை மின்சாரம் பாய்ந்து திசு 60 முதல் 100 டிகிரி வரை சூடாகிச் செத்துவிடும். கட்டி முழுவதையும் கொல்வது இங்கே நோக்கமே இல்லை. கட்டியும் நல்ல எலும்பும் சந்திக்கும் ஓரத்தில்தான் வலி உற்பத்தியாகிறது; அந்த ஓரத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டும். நடுவில் மட்டும் சுட்டுவிட்டு வந்தால் ஸ்கேனில் அழகாகத் தெரியும், நோயாளிக்கு வலி போகாது.

உறையவைப்பது கிரயோ. ஆர்கான் வாயுவை ஊசிக்குள் அழுத்தத்தில் விரியவிட்டால் நுனியில் கடும் குளிர் வந்து பனிக்கட்டி உருண்டை உருவாகும். உறையவைத்து, இளகவிட்டு, மறுபடி உறையவைப்பார்கள். எனக்குக் கிரயோவில் பிடித்தது, அந்த உருண்டை சி.டி.யில் கறுப்பாகக் கண்ணுக்கே தெரியும். நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பார்த்து நிறுத்தலாம். சூடு அப்படித் தெரியாது. செய்த பிறகு வரும் வலியும் கிரயோவில் குறைவு. ஆனால் ஊசிகள் விலை அதிகம், ஒருமுறைதான் பயன்படும், வசதி உள்ள இடங்களும் குறைவு.

ஊசியே இல்லாத முறை ஒன்றும் உண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அலைகளை ஒரே புள்ளியில் குவித்துச் சூடேற்றுவது. அமெரிக்காவில் எலும்பு வலிக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. எல்லா எலும்புக்கும் ஆகாது. மண்டையோடும் முதுகெலும்புகளின் கனமான முன்பகுதியும் பொதுவாக விலக்கு.

மாமாவின் பயத்துக்கு: ஊசி போன வழியில் புற்றணு ஒட்டி வளர்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம். சுட்டுக்கொண்டே ஊசியை வெளியே எடுப்பது அதற்கும் சேர்த்துத்தான். நோய் ஏற்கெனவே ரத்தத்தின் வழியாக எலும்பை எட்டிவிட்ட நிலையில், அந்தச் சின்ன அபாயத்துக்காக அம்மா நடக்காமல் கிடப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

#4 சந்தேகப் பிராணி

நன்றி டாக்டர். தெளிவாகச் சொன்னீர்கள். ஆனால் விடமாட்டேன்.

முதுகெலும்பில் சிமெண்ட் வைக்கும் வெர்டிப்ரோபிளாஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் அமியான் நகரில் 1984இல் தொடங்கியது, உலகமெல்லாம் பரவியது, லட்சக்கணக்கில் செய்தார்கள். 2009இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட். மீதிப் பேருக்கு ஊசி மட்டும் போட்டு, சிமெண்ட் வாசனை அறையில் வரும்படி டப்பாவைத் திறந்து வைத்து நடிப்பு. வலி இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் குறைந்தது. அப்படியிருக்க, "சுட்டால் வலி போகும்" என்பதற்கு மட்டும் என்ன சாட்சி?

#5 சி.டி. அறை

சந்தேகப் பிராணி எழுதியது: *"சுட்டால் வலி போகும்" என்பதற்கு மட்டும் என்ன சாட்சி?*

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 2009 ஆய்வுகள் இரண்டும் வயதானவர்களுக்கு எலும்பு தேய்ந்து முதுகெலும்பு நசுங்கியதைப் பற்றியவை. புற்றுநோயாளிகள் அதில் இல்லை. தேய்மான முறிவு பல பேருக்குத் தானாகவே சில வாரங்களில் ஆறும். கட்டி அரித்த எலும்பு அப்படி ஆறாது.

புற்றுநோயில் நசுங்கிய முதுகெலும்புக்கென்றே 2011இல் வந்த ஆய்வில் 134 பேர். பாதிப் பேருக்கு பலூன் வைத்து சிமெண்ட் நிரப்பினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம். முதுகுவலியால் அன்றாட வேலைகள் எவ்வளவு தடைபடுகின்றன என்று 24க்கு மதிப்பெண் போடும் அளவுகோலில், ஒரு மாதத்தில் சிமெண்ட் வைத்தவர்களுக்கு 17.6இலிருந்து 9.1க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 18.2இலிருந்து 18.0, அதாவது இருந்த இடத்திலேயே. இதில் நடிப்புக் குழு இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். இல்லைதான்.

சுடுவதற்கு 2004இல் வந்த ஆய்வில் 43 பேர், மாத்திரைக்கும் கதிருக்கும் அடங்காத வலி உள்ளவர்கள். அன்றைய மோசமான வலிக்கு 10க்கு எத்தனை என்று கேட்டார்கள். தொடக்கத்தில் சராசரி 7.9, நான்காம் வாரம் 4.5, 24ஆம் வாரம் 1.4. கிரயோவுக்கு 2013இல் 61 பேர், 7.1இலிருந்து 24ஆம் வாரம் 1.4. இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. கூடவே, 24ஆம் வாரத்துச் சராசரி என்பது அதுவரை உயிரோடு இருந்து பதில் சொன்னவர்களின் சராசரி. நான் இந்த எண்களை நோயாளிகளிடம் சொல்லும்போது நாலாவது வாரத்து எண்ணை மட்டும் சொல்வதுதான் வழக்கம்.

உங்களைத் திருப்திப்படுத்தும் ஆய்வு குவித்த அல்ட்ராசவுண்டுக்கு உண்டு. 2014, 147 பேர், நடிப்புக் குழுவோடு. மூன்று மாதத்தில் பலன் கிடைத்தது உண்மைக் குழுவில் 64 சதவீதம், நடிப்புக் குழுவில் 20 சதவீதம். அந்த 20ஐயும் கவனியுங்கள். இயந்திரத்துக்குள் சும்மா படுக்கவைத்தாலே ஐந்தில் ஒருவருக்கு வலி குறைந்தது!

#6 சந்தேகப் பிராணி

நாலாவது வாரத்து எண்ணைச் சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். சரி, என் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. விலை பற்றியது அப்படியே இருக்கிறது.

#7 சுன்னாகத்தான்

நான் டொரோண்டோவிலிருந்து. அப்பாவுக்கு புரோஸ்டேட் புற்றுநோய், ஊரில் இருக்கும்போதே எலும்பெல்லாம் பரவிவிட்டது. விலா, முதுகு, இடுப்பு, தோள் என்று இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு வேறிடம். அவருக்கும் இந்த ஊசிச் சிகிச்சை செய்யலாமா என்று இங்குள்ள வைத்தியரைக் கேட்டோம். "எந்த இடத்தில் நோகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்" என்றார். அப்பா உடம்பு முழுக்கத் தடவிக் காட்டினார். "அப்படியென்றால் இது அவருக்கில்லை" என்று முடித்துவிட்டார்.

கதிர்தான் கொடுத்தார்கள், அதிகம் நோகும் இடங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே தடவை. தங்கச்சிக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். கதிர் கொடுத்த பிறகு முதல் சில நாள் நோவு கூடும். அப்பா கத்திய கத்தில் நாங்கள் பயந்துபோனோம். கொஞ்சப் பேருக்கு அப்படி வருவது வழக்கம்தானாம், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு குளிகையை முன்கூட்டியே கொடுத்தால் அது குறையும் என்று கனடாவிலேயே ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை கேட்டு வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவு பாடு இல்லை.

#8 சி.டி. அறை

அந்த வைத்தியர் ஒரு விரலை வைத்துச் சொன்னதைத்தான் ஆய்வுகளும் சொல்கின்றன. வலிக்கும் இடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஸ்கேனில் தெரியும் இடமும் கை வைத்துக் காட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலி 10க்கு 4க்கு மேல். அதற்குள் வராதவர்களுக்கு ஊசியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

சுன்னாகத்தான் அண்ணாவின் அப்பாபோல் பரவலாக வலிப்பவர்களுக்கு, எலும்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றும் வழி உண்டு. இந்தியாவில் சமாரியம்-153, லூட்டீஷியம்-177 ஆகியவற்றைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலையிலேயே தயாரிக்கிறார்கள். ரத்த அணுக்கள் குறையும் என்பதால் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

பொருநைக்கரைக்கு ஒரு துணைக் கேள்வி: மறுபடி கதிர் கொடுக்க முடியாது என்று சொன்னார்களா, அல்லது பேச்சே வரவில்லையா? ஒரு தடவைக் கதிரில் பலன் கிடைத்து வலி திரும்பியவர்களுக்கு அதே இடத்தில் இரண்டாவது முறை கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான். 8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) ஒரே தடவை கொடுப்பதும், 10 நாளில் 30 கிரே கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் சமம் என்று பல ஆய்வுகள் காட்டியாகிவிட்டது. ஒரே தடவைக்காரர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மறுபடி தேவைப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கதிர் மலிவு, பரவலாகக் கிடைக்கும். அதைக் கேட்காமல் ஊசிக்கு வராதீர்கள். இது என் வருமானத்துக்கு எதிராக நானே சொல்வது, சந்தேகப் பிராணி குறித்துக்கொள்ளவும்.

#9 சந்தேகப் பிராணி

குறித்துக்கொண்டேன்.

#10 நர்ஸ் அக்கா

நான் வலி தணிப்புப் பிரிவில் நர்ஸ், வீடு வீடாகப் போகிறவள். எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, மார்ஃபினைக் "கூட்டினோம்" என்கிறாய். எப்படிக் கூட்டினீர்கள்? சாதாரண மாத்திரை நாலு மணிக்கொரு தடவை. இடையில் வலி எகிறினால் கொடுக்க தனியாக ஒரு டோஸ் இருக்கிறது, முழு நாளைய அளவில் ஆறில் ஒரு பங்கு. எழுந்து குளிக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் அதைக் கொடுத்துப் பார். நாள் முழுவதுக்குமான அளவைக் கூட்டினால் படுத்திருக்கும்போது தேவைக்கு மேல் மருந்து ஏறித் தூங்குவார், நிற்கும்போது போதாது. உன் அம்மாவுக்கு நடந்தது அதுதான். இப்படி அசைந்தால் மட்டும் வரும் வலிதான் எங்களுக்கு எப்போதும் பெரிய தலைவலி. டாக்டர் சொல்லும் சிமெண்ட் சரியாக இந்த இடத்துக்குத்தான், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஊசி போடும் நாள் வரைக்கும் அம்மா கஷ்டப்பட வேண்டியதில்லை.

மலச்சிக்கல் மருந்தை மார்ஃபினோடு முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை என்றால் இன்றைக்கே கேள்.

மாத்திரை கிடைக்கவில்லை என்று பல பேர் சொல்வார்கள். போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, முன்பு பல இலாகாக்களில் பல உரிமம் வாங்க வேண்டியிருந்ததை ஒன்றாக்கிவிட்டார்கள். ஆனாலும் அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனையில்தான் கிடைக்கும், பக்கத்து மெடிக்கலில் கிடைக்காது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் வலி தணிப்பு நர்ஸ் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வை. எலும்பு கரைவதைக் குறைக்கும் ஊசி, ஜோலிட்ரோனிக் அமிலம் 4 மி.கி. போடுகிறார்களா? போடுவதற்கு முன் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு. சொத்தைப் பல் பிடுங்குவதாக இருந்தால் முதலில் அதை முடி.

#11 நொய்யல்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் கணவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய், இடது தொடை எலும்பின் மேல் பாதியில் பரவியிருக்கிறது. நடந்தால் வலி. ஊசி வழியாக சிமெண்ட் வைத்துவிடலாமா? பெரிய ஆபரேஷனுக்கு அவர் பயப்படுகிறார்.

#12 கம்பி பிளேட்

எலும்பு ஆபரேஷன் செய்பவன் என்கிற முறையில் பதில் சொல்கிறேன் அம்மா. தொடை எலும்பின் தண்டில் சிமெண்ட் மட்டும் வைப்பது தவறு.

சாக்பீஸை மேஜையில் நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் தாங்கும். இரண்டு கையால் பிடித்து வளைத்தால் பட்டென்று ஒடியும். எலும்பு சிமெண்டும் அதேதான். முதுகெலும்பிலும் இடுப்புக் குழிக்கு மேலேயும் பாரம் நேராக மேலிருந்து இறங்குகிறது, அங்கே அது வேலை செய்யும். தொடை எலும்பு நடக்கும்போது வளைவும் முறுக்கலும் வாங்குகிற எலும்பு. அங்கே உள்ளே நீளக் கம்பி போட வேண்டும்.

ஒடிவதற்கு முன் போட வேண்டுமா என்று பார்க்க 1989இலிருந்து மிரெல்ஸ் கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறோம். எந்த எலும்பு, எவ்வளவு வலி, எலும்பு கரைந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா, எலும்பின் குறுக்களவில் எவ்வளவு பங்கு போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை. மொத்தம் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒடியும் முன்பே கம்பி. 8 என்றால் யோசிக்கும் இடம். பாரம் ஏறினால் வலி என்பதற்கே முழு 3 மதிப்பெண். ஒடிந்தபின் செய்வதைவிட ஒடியுமுன் செய்வது எளிது, ரத்த இழப்பும் குறைவு.

சிறுநீரகப் புற்று ரத்தக்குழாய் நிறைந்தது. கத்தி வைத்தால் கொட்டும். சி.டி. அறை டாக்டரின் ஆட்கள் முந்தின நாளோ அன்றைக்கோ அந்த ரத்தக்குழாய்களை உள்ளிருந்து அடைத்துக் கொடுத்தால்தான் நாங்கள் தைரியமாகத் தொடுவோம். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை அவரை ஊன்றுகோலோ வாக்கரோ இல்லாமல் நடக்க விடாதீர்கள். இதைப் படித்தவுடன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

#13 நொய்யல்

செய்துவிட்டேன் ஐயா. நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். மிக்க நன்றி.

#14 பொருநைக்கரை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நர்ஸ் அக்கா சொன்னபடி குளிக்கப் போவதற்கு முன் அந்தத் தனி டோஸைக் கொடுத்தோம், டாக்டரைக் கேட்டுத்தான். வித்தியாசம் தெரிகிறது. மறு கதிர் பற்றியும் கேட்டேன். கொடுக்கலாம், ஆனால் எலும்பு மெலிந்திருப்பதால் கதிர் மட்டும் கொடுத்தால் நிற்கும் வலி அப்படியே இருக்கும், ஒடியவும் கூடும், சிமெண்ட் வைத்துவிட்டுக் கதிர் கொடுத்தால் நல்லது என்கிறார்கள்.

அன்றைக்கு என்னென்ன நடக்கும்? என்ன தப்பாகப் போகக்கூடும்? அதையும் சொல்லிவிடுங்கள். முதுகெலும்பில் இருக்கும் சின்னவற்றையும் இப்போதே சேர்த்துச் சுட்டுவிட்டால் என்ன?

#15 சி.டி. அறை

சிமெண்ட் இருந்தால் கதிர் கொடுப்பதில் தடை இல்லை, அவர்கள் சொன்ன வரிசை சரி.

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000க்கு மேல் இருக்க வேண்டும், ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்க வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை எடுத்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். கீமோ ஓடிக்கொண்டிருந்தால் அணுக்கள் இறங்கியிருக்கும் வாரத்தைத் தவிர்த்து நாள் குறிப்பார்கள். மயக்க மருந்து டாக்டர் இருப்பார். முழு மயக்கமோ, பாதி மயக்கமோ அது இடத்தைப் பொறுத்தது. எலும்பைச் சூடேற்றும்போது மயக்கம் இல்லாமல் யாராலும் தாங்க முடியாது.

சி.டி. மேஜையில் படுக்கவைத்து, தோலில் சில மில்லிமீட்டர் கீறல். அதன் வழியாகக் குழல் ஊசி, கெட்டியான எலும்பாக இருந்தால் சின்ன டிரில். குழலுக்குள்ளேயே சுடும் ஊசி போகும், ஒரு துண்டு பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்கும் எடுப்போம். இடுப்பில் எங்களுக்குப் பயம், காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு. நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே திரவத்தையோ கார்பன் டை ஆக்சைடு வாயுவையோ செலுத்தித் தள்ளிவைப்போம். ஆர்.எஃப்.ஏ. என்றால் அந்தத் திரவம் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை நீர். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், அதைப் போட்டால் காப்பாற்ற நினைத்த நரம்பையே சுட்டுவிடுவோம். பக்கத்தில் வெப்பம் அளக்கும் கம்பி ஒன்றும் வைக்கலாம். கிரயோ என்றால் எதிர்ப்பிரச்சினை, தோல் உறைந்துவிடும். வெந்நீர் நிரப்பிய ரப்பர் கையுறையை மேலே வைத்துக் காப்பாற்றுவோம். மருத்துவத்தில் இதைவிட மலிவான கருவி கிடையாது.

சுட்டு முடித்த குழலிலேயே சிமெண்ட். தூளையும் திரவத்தையும் கலந்து பற்பசைப் பதத்துக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தள்ளலுக்கும் படம் பார்த்துச் செலுத்துவோம். எக்ஸ்ரேயில் தெரிய பேரியம் சேர்ந்திருக்கும். அது மூட்டுக்குள் கசிந்தால் புதிய வலி, ரத்தக்குழாய்க்குள் போனால் நுரையீரல் வரை போகலாம். சின்னக் கசிவு அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கசிகிறது என்று தெரிந்தவுடன் நிறுத்துகிற ஆள்தான் உங்களுக்கு வேண்டும். வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், கடைசியாக எப்போது கசிந்தது என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் போங்கள். கிருமித்தொற்று, ரத்தக்கட்டி, கால் மரத்துப்போவது ஆகியவற்றையும் சம்மதப் படிவத்தில் பார்ப்பீர்கள். அபூர்வம்தான், ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் சில நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், செத்த திசுவை உடம்பு அப்புறப்படுத்தும் வேலை அது. காய்ச்சல் இறங்காமல் கூடிக்கொண்டே போனால் மட்டும் போன் செய்யுங்கள். மார்ஃபினை அன்றே நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதுகெலும்பில் வலிக்காதவற்றைத் தொட வேண்டாம். எலும்பு உறுதியாக இருக்கிறது, நரம்புத் தண்டை நெருங்கவில்லை என்று எம்.ஆர்.ஐ.யில் உறுதி செய்துகொண்டு, மருந்துக்கு விட்டுவிடலாம்.

#16 நர்ஸ் அக்கா

முதுகெலும்பில் இருப்பது பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பெல்ட் போட்டு இறுக்குவது மாதிரி வலி, இருமினால் முதுகில் எகிறும் வலி, கால் பலவீனம், மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது. இதில் எது வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் அவசரப் பிரிவு. நடந்துகொண்டிருக்கும்போதே வந்தவர்கள் பெரும்பாலும் நடந்தே வீட்டுக்குப் போவார்கள். கால் விழுந்தபின் வந்தால் எழுப்புவது கடினம். என் அனுபவத்தில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள்தான் அதிகம்.

#17 கம்பி பிளேட்

இதற்கு எண்ணும் உண்டு. நரம்புத் தண்டை ஒரே இடத்தில் கட்டி அழுத்தியவர்களில் ஆபரேஷனும் கதிரும் சேர்த்துச் செய்தவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், கதிர் மட்டும் கொடுத்தவர்களில் 57 சதவீதம். 2005இல் வந்த ஆய்வு. ஊசிச் சிகிச்சையின் எல்லை இங்கே முடிகிறது.

#18 பொருநைக்கரை

முடிந்துவிட்டது. அந்த மருத்துவமனையில் கிரயோ இல்லை, ஆர்.எஃப்.ஏ.தான் செய்தார்கள், பிறகு சிமெண்ட். காய்ச்சல் வந்து போனது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறார். ஊன்றும்போது வலி எத்தனை என்று கேட்டால் மூன்று, சில நேரம் நாலு என்கிறார். முன்பு பத்து என்பார். படுக்கும்போது புதிதாகப் பின்பக்கம் ஒரு குடைச்சல் இருக்கிறது, அதைக் குறித்துவைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். கதிர் அடுத்த மாதம்.

விலை பற்றி: காப்பீட்டு மேஜையில் முதல் நாள் "இது வராது" என்றார்கள். மறுநாள் டாக்டர் சிகிச்சையின் பெயரை மாற்றாமல், விளக்கக் கடிதமும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் சேர்த்துக் கொடுத்தபின் ஒரு பகுதி வந்தது. மீதி நாங்கள் கட்டினோம். முன்பே எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. மாமா இன்னும் பேசவில்லை.

#19 சந்தேகப் பிராணி

"ஒரு பகுதி வந்தது" என்பதையே நான் வெற்றியாக எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம். மாமா பேசுவார், பொறுங்கள்.

#20 சுன்னாகத்தான்

சந்தோஷம் தங்கச்சி. ஒரு சின்னச் சந்தேகம் டாக்டர்: இந்தச் சிமெண்ட் உள்ளே இருப்பவர்கள் விமானநிலையச் சோதனை வாசலில் மாட்டுவார்களா? பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? அப்பாவின் சிநேகிதர் ஒருவர் முதுகில் வைத்துக்கொண்டு ஊருக்கு வர யோசிக்கிறார்.

#21 சி.டி. அறை

அது உலோகம் இல்லை அண்ணா. பல்செட்டின் ஈறுப் பகுதி செய்கிற அதே வகை அக்ரிலிக். வாசலில் சத்தம் வராது, எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம். அவருக்கு சிமெண்டோடு திருகாணியோ கம்பியோ சேர்த்து வைத்திருந்தால் மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீண்ட விமானப் பயணம் என்பதால், காலில் ரத்தம் கட்டும் அபாயம் புற்றுநோயாளிகளுக்கு அதிகம் என்பதைத் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடட்டும்.